உங்களுக்குத் தெரியுமா? நூலக மென்பொருளுக்கும் திருவிழா உண்டு!

நெய்யாறு அணைக்குப் போகிற பாதையில் இருக்கிறது கள்ளிக்காடு. ஒரு பக்கம் ரப்பர், மறுபக்கம் மரச்சீனி, நிமிர்ந்து பார்த்தால் மலை. இங்கே உட்கார்ந்துகொண்டு ஒரு கேள்வி கேட்கிறேன், சொல்லுங்கள் பார்ப்போம்! மனிதர் குடியிருக்கிற 6 கண்டங்களிலும் மாநாடு நடத்தி முடித்த நூலக மென்பொருள் எது?

கோஹா!

பாரிஸ் 2006. அமெரிக்காவின் பிளேனோ 2009. நியூசிலாந்தின் வெலிங்டன் 2010. நம் தாணே 2011. அர்ஜென்டினாவின் கோர்டோபா 2014. நைஜீரியாவின் இபாடான் 2015. விரல் விட்டு எண்ணுங்கள். ஆறு கண்டமும் ஆயிற்று. வெறும் 9 வருஷத்தில்!

மாநாட்டுக்குப் பெயர் கோஹாகான். ஆசியாவில் முதல் கோஹாகானை நடத்திய பெருமை இந்தியாவுக்குத்தான்! 2011 அக்டோபர் 31-ல் தொடங்கி நவம்பர் 6 வரை நடந்தது. இடம் மும்பையை ஒட்டிய தாணே, வித்யா பிரசாரக் மண்டலின் கல்வி வளாகம். நூலகர்களும் புரோகிராமர்களும் ஒரே பந்தியில் ஒரு வாரம்!

தாணேக்கு இன்னொரு 'முதல்' உண்டு. 1853 ஏப்ரல் 16 அன்று இந்தியாவின் முதல் பயணிகள் ரயில் பம்பாயின் போரிபந்தரிலிருந்து ஓடிப்போய் நின்ற ஊர் அதுதான். தூரம் 34 கிலோமீட்டர்! முதல் ரயிலும் அங்கே, முதல் கோஹாகானும் அங்கே. நம் திருவனந்தபுரத்தில் கிளம்புகிற நேத்ராவதி எக்ஸ்பிரஸ்கூட அங்கே நின்றுதான் போகும்!

கோஹா என்றால் என்ன அர்த்தம்? நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரிகளின் சொல் அது. விருந்தாளியாகப் போகிறவர் கையோடு கொண்டுபோய்க் கொடுக்கிற அன்பளிப்பு. இன்று நான் உனக்கு, நாளை நீ எனக்கு. அட, நம்ம ஊர் மொய்! ஒரு மென்பொருளுக்கு மொய் என்று பெயர் வைத்தவர்களை எனக்கு எவ்வளவு பிடித்திருக்கிறது தெரியுமா!

அதே 'கோஹா'வை அல்பேனியாவில் போய்ச் சொன்னால் 'காலம்' என்று அர்த்தம்!

சரி, இது பிறந்த கதையைக் கேளுங்கள். எனக்குத் தெரிந்த நூலகக் கதைகளில் இதற்கு ஈடு இல்லை.

நியூசிலாந்தில் லெவின் என்று ஒரு சின்ன ஊர். அங்கே ஹோரோஃபெனுவா நூலக அறக்கட்டளை. 1999-ஆம் வருஷம். உலகமே 'ஒய்-2-கே' பயத்தில் நடுங்கிக்கொண்டிருந்தது. 1999 முடிந்து 2000 பிறக்கும்போது பழைய கம்ப்யூட்டர்கள் தேதி தெரியாமல் திணறும் என்பதுதான் பயம். இந்த நூலகத்தின் பழைய மென்பொருளும் திணறப்போகிறது. புதிதாக வாங்கலாமென்றால் விலை கட்டுப்படியாகவில்லை. கிளை நூலகங்களை இணைக்கத் தனி லைன் எடுக்கவும் காசில்லை. பக்கத்திலிருந்த வெலிங்டனில் கட்டிப்போ கம்யூனிகேஷன்ஸ் என்ற சின்னக் கம்பெனி. செப்டம்பரில் அவர்கள் ஒரு யோசனை சொன்னார்கள். நாங்களே எழுதித் தருகிறோம், சாதாரண டெலிபோன் லைனில் ஓடும், எழுதியதை உலகத்துக்கே இலவசமாகத் திறந்துவிடலாம்! நூலகம் சரி என்றது. கையில் இருந்தது நான்கே மாதம். 2000 ஜனவரி 3 அன்று கோஹா ஓட ஆரம்பித்தது!

உலகின் முதல் திறமூல நூலக மேலாண்மை மென்பொருள் அதுதான்! பெரிய பல்கலைக்கழகமும் பெருநகரமும் செய்யாததை ஒரு சின்ன ஊர் நூலகம் செய்தது!

ஜனவரியில் லெவினில் காலை 9 மணி அடித்தால் கள்ளிக்காட்டில் விடிகாலை 1.30! ரப்பர் வெட்டுக்காரர்களே எழுந்திருக்காத நேரம்!

கட்டிப்போ என்பது நியூசிலாந்துச் சிலந்தி ஒன்றின் பெயர். விஷச் சிலந்தி! அழிந்துவரும் இனம் வேறு!

அதே லெவின் நூலகம் இன்னொரு மென்பொருளும் செய்து கொடுத்தது. ஊர்க்காரர்கள் தங்கள் பழைய படங்களையும் கதைகளையும் சேர்த்துவைப்பதற்கு. அதன் பெயர் கெட்டே. மாவோரியில் 'கூடை'! முதலில் மொய், பிறகு கூடை!

கோஹாவுக்கு அமெரிக்காவில் வாசல் திறந்தது நியூயார்க் அல்ல, ஒஹாயோ மாநிலத்தின் நெல்சன்வில் என்ற குட்டி நகரம்! அங்கிருந்த பொது நூலகம் கேட்டது: எல்லாம் சரி, மார்க் வடிவம் வேண்டுமே? காசும் கொடுத்தது. எழுதியவர் பிரான்ஸிலிருந்த பால் பூலேன். நியூசிலாந்தில் பிறந்த பிள்ளைக்கு அமெரிக்கா செலவு செய்து பிரான்ஸ் சட்டை தைத்தது!

மார்க் என்றால் மதிப்பெண் இல்லை! புத்தக விவரத்தைக் கம்ப்யூட்டருக்குப் புரிகிற மாதிரி அடுக்குகிற முறை. 1960-களில் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் ஹென்ரியெட் ஆவ்ரம் என்ற பெண்மணி உருவாக்கினார். அதில் 100 என்றால் ஆசிரியர். 020 என்றால் ஐஎஸ்பிஎன். 245 என்றால் தலைப்பு. பிளேனோவிலும் 245, பாறசாலையிலும் 245!

இப்போது நம் ஊர் விசேஷம் ஒன்று. எல்லையோர வாசகசாலையில் ஒரே அலமாரியில் தமிழும் மலையாளமும் தோளோடு தோள் நிற்கும். மார்க் முறையில் 008 என்று ஒரு வரி, 40 எழுத்து நீளம். அதில் 35, 36, 37-ஆம் இடங்கள் மொழிக்கு. தமிழ்ப் புத்தகத்துக்கு 'டி-ஏ-எம்'. மலையாளப் புத்தகத்துக்கு 'எம்-ஏ-எல்'. களியிக்காவிளையில் செக்போஸ்ட் இருக்கும், கேட்லாகில் 3 எழுத்துதான் எல்லை!

கம்ப்யூட்டரில் எழுத்துகளுக்கு எண் கொடுக்கிற முறை யூனிகோடு. அதில் தமிழின் முதன்மைத் தொகுதிக்கு ஒதுக்கிய இடங்கள் 128. மலையாளத்துக்கும் 128. சரிசமம்!

இதைக் கேட்டால் அசந்துபோவீர்கள். 'பொன்னியின் செல்வன்' என்று தேடுகிறீர்கள், புத்தகம் அலமாரியில் இருந்தும் கம்ப்யூட்டர் இல்லை என்று சொல்லலாம்! காரணம் முதல் எழுத்து. 'பொ' என்பதை ப-வும் ஒரே ஒகரக் குறியுமாக 2 துண்டில் எழுதலாம். கொம்பு தனி, கால் தனி என்று 3 துண்டிலும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, கம்ப்யூட்டருக்கு வேறு வேறு! கோஹாவின் தேடல் பகுதியில் ஐசியூ என்ற அமைப்பைத் திருத்தி வைத்தால் இரண்டையும் ஒன்றாகப் பார்க்கும். இந்த மாதிரிச் சங்கதியைச் சொல்ல மாநாட்டுக்கு ஒரு தமிழ் நூலகர் போயே ஆகவேண்டும். லெவினில் இருப்பவருக்கு ஒற்றைக்கொம்பும் காலும் எப்படித் தெரியும்!

பசுவய்யா என்று தேடினால் சுந்தர ராமசாமியும் வரவேண்டும். அவர் கவிதை எழுதியது அந்தப் பெயரில்! சொ. விருத்தாசலம் என்றால் புதுமைப்பித்தன். ரங்கராஜன் என்றால் சுஜாதா. ஒரே ஆளின் எல்லாப் பெயரையும் ஒரு முடிச்சில் கட்டிவைக்க கோஹாவில் தனிக் கோப்பே உண்டு!

கோஹாவுக்குள் ஒரு வரிக்குதிரை ஓடுகிறது! புத்தகத்தைத் தேடித் தரும் இன்ஜினின் பெயர் ஸீப்ரா. செய்தது டென்மார்க் கம்பெனி!

கோஹா எழுதப்பட்ட மொழி பெர்ல். 1987-ல் அதைப் படைத்த லாரி வால் மொழியியல் படித்தவர்!

இன்னும் உள்ளே போங்கள். கோஹா தகவல்களைச் சேர்த்துவைக்கும் களஞ்சியம் மைஎஸ்க்யூஎல் அல்லது மரியாடிபி. இரண்டையும் தொடங்கியவர் பின்லாந்துக்காரர் மான்ட்டி விடேனியஸ். அவருடைய ஒரு மகள் பெயர் மை. இன்னொரு மகள் மரியா! கோஹா பெரும்பாலும் ஓடுவது டெபியன் மேல். 1993-ல் அதை ஆரம்பித்த இயன் மர்டாக் தன் பெயரையும் காதலி டெப்ராவின் பெயரையும் ஒட்டவைத்தார். டெப், இயன், டெபியன்! நீங்கள் ஒரு புத்தகம் தேடுகிறீர்கள், இரண்டு மகள்களும் ஒரு காதல் ஜோடியும் வந்து எடுத்துத் தருகிறார்கள்!

மாநாட்டுக்கு வருவோம். கோஹாகான் என்றால் மேடைப் பேச்சோடு முடிகிற சமாச்சாரம் இல்லை. முதலில் சில நாள் பேச்சு. நடுவில் ஒரு நாள் ஊர் சுற்றல். அப்புறம் ஹேக்ஃபெஸ்ட்! லேப்டாப்பைத் திறந்துவைத்து நாள்கணக்கில் பிழை பிடிப்பு. காலையில் ஒரு நூலகர் 'இந்த இடம் இடிக்கிறது' என்கிறார், பக்கத்து நாற்காலியில் இருக்கிற புரோகிராமர் அங்கேயே உட்கார்ந்து சரிசெய்கிறார். காசு கொடுத்து வாங்கிய மென்பொருளில் ஒரு குறை சொல்லிவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள், இது எவ்வளவு பெரிய அதிசயம் என்று சொல்வார்கள்!

அடுத்த மாநாடு எந்த ஊரில்? கம்பெனி முதலாளி முடிவு பண்ணுவதில்லை. ஊர்கள் விண்ணப்பம் போடும். பயன்படுத்துகிறவர்கள் ஓட்டுப் போடுவார்கள்!

கோஹாவில் ஒரு வரி மாற்ற வேண்டுமென்றால் 4 பேர் கண்ணில் பட வேண்டும்! எழுதியவர் ஒருவர். ஓட்டிப் பார்த்து 'சரி' போடுகிறவர் ஒருவர். தரம் பார்க்கிறவர் ஒருவர். கடைசியில் வெளியீட்டு மேலாளர். தான் எழுதியதற்குத் தானே 'சரி' போட முடியாது! ரொம்பக் கறார்!

வருஷத்துக்கு 2 புதுக் கோஹா. மே மாதம் ஒன்று, நவம்பரில் ஒன்று!

3.22-க்கு அடுத்த எண் என்ன? கோஹாவில் 16.05! 2015 நவம்பரில் வந்தது 3.22. அதன்பிறகு வருஷத்தையும் மாதத்தையும் பெயராக வைக்கத் தொடங்கிவிட்டார்கள். ஆறே மாதத்தில் 3-லிருந்து 16-க்குப் பாய்ச்சல்!

துருக்கியில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பொது நூலகங்கள் கோஹாவில்!

நீங்கள் என்னென்ன படித்தீர்கள் என்பது உங்கள் ரகசியம். திருப்பிக் கொடுத்த புத்தகங்களின் பட்டியலை வாசகரே அழித்துவிடுகிற வசதி கோஹாவில் உண்டு!

இதெல்லாம் தூரதேசத்துக் கதை என்று நினைத்துவிடாதீர்கள். நூலகங்கள் கூடி மாநாடு போடுகிற வித்தை நம் மண்ணுக்குப் புதிதா என்ன? 1945 செப்டம்பர் 14. இடம் அம்பலப்புழை. கூட்டியவர் பி.என். பணிக்கர் என்ற பள்ளிக்கூட ஆசிரியர். திருவிதாங்கூரின் குக்கிராமங்களிலிருந்து வந்து சேர்ந்த நூலகங்கள் 47! இன்று எல்லைக்கு இருபுறமும் இருக்கிற நெய்யாற்றின்கரையும் விளவங்கோடும் அன்று ஒரே ராஜ்யம். அந்த 47 இன்று வளர்ந்து 8,000-ஐத் தாண்டிவிட்டது!

அந்த நூலகங்கள் கூடி அமைத்த சங்கத்துக்கு 1975-ல் யுனெஸ்கோவின் குரூப்ஸ்கயா விருது! பணிக்கர் மறைந்த ஜூன் 19 கேரளத்தில் வாசிப்பு நாள். மாநாடு கூடிய செப்டம்பர் 14 நூலக நாள். ஒரே ஆளால் காலண்டரில் 2 நாள்!

இனி சொல்லப்போவதைக் கேட்டு நம் ஊர்க்காரர்கள் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம். 1970 நவம்பரில் பணிக்கர் தலைமையில் ஒரு நடைப்பயணம் கிளம்பியது. 'வாசித்து வளருங்கள்' என்று ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டு, கேரளத்தின் தெற்கு நுனியிலிருந்து வடக்கு நுனியான காசர்கோடு வரை. நடந்தே! புறப்பட்ட இடம் எது? நம் பாறசாலை! கையில் மைக், காலில் புழுதி, வாயில் புத்தகம். ஒரு நூலக இயக்கம் இப்படி ஒரு மாநிலத்தை அளந்ததை நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கிறது!

களியிக்காவிளைக்கு மேற்கே கட்டிட வரியோடு நூலகத்துக்கு 5 சதவீதம். கிழக்கே தமிழ்நாட்டில் சொத்து வரியில் ரூபாய்க்கு 10 பைசா. எல்லைக்கு அந்தப்பக்கம் வீடு கட்டினால் நூலகத்துக்கு இரட்டைப் பங்கு!

கேரளத்தில் நூலகத்துக்கும் தேர்தல் உண்டு! தாலுகா, ஜில்லா, மாநிலம் என்று மூன்றடுக்குக் கவுன்சில். எல்லாம் ஓட்டுப் போட்டு!

திருவனந்தபுரத்தின் மாநில மத்திய நூலகம் பிறந்தது 1829-ல். சென்னையின் கன்னிமாரா திறந்தது 1896-ல். நமக்கு 67 வயசு மூப்பு!

கோஹா மாதிரி யாரும் திருத்திப் பகிரக்கூடிய மென்பொருளுக்காகப் பாடுபடுவது கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை. அதன் இந்தியக் கிளை, ஆசியாவிலேயே முதல் கிளை, எங்கே தொடங்கியது? பெங்களூரிலா? டெல்லியிலா? திருவனந்தபுரத்தில்! 2001 ஜூலை 20. அறக்கட்டளையை நிறுவிய ரிச்சர்ட் ஸ்டால்மனே வந்திருந்தார்! கள்ளிக்காட்டிலிருந்து பஸ் ஏறினால் எட்டிவிடுகிற தூரம்!

கேரளப் பள்ளிக்கூடங்களில் கட்டற்ற மென்பொருள் ஓடுகிற கம்ப்யூட்டர்கள் 2 லட்சத்துக்கு மேல். அதனால் மிச்சமாகிற தொகை 3,000 கோடி ரூபாய் என்று 2019-ல் கணக்குச் சொன்னார்கள். கோடி!

நூலகம் என்று பேசிவிட்டு சீர்காழிக்காரரை விட்டால் பாவம் சேரும். எஸ்.ஆர். ரங்கநாதன்! கணக்கு வாத்தியார். 1924 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகராக உட்கார்த்தினார்கள். ஆள் அரவமில்லாத அறை. அலுத்துப்போய்ச் சில நாளிலேயே 'பழைய வேலையைத் திருப்பிக் கொடுங்கள்' என்று போய் நின்றார்! 'லண்டன் போய்ப் படித்துவிட்டு வா, அப்புறமும் பிடிக்காவிட்டால் பார்க்கலாம்' என்றார்கள். போனார். அங்கே செல்ஃப்ரிட்ஜஸ் கடையில் மெக்கானோ என்ற பொம்மை. துண்டு துண்டான இரும்புப் பட்டைகளை மாற்றி மாற்றிப் பூட்டினால் புதுப்புது உருவம். புத்தகங்களையும் இப்படிப் பிரித்துப் பூட்டலாமே என்று பொறி தட்டியது. 1933-ல் கோலன் பகுப்புமுறை! பிள்ளைகள் விளையாடுகிற சாமானிலிருந்து உலகம் படிக்கிற சாஸ்திரம்!

நூலகவியலுக்கு அவர் வகுத்த ஐந்து விதிகள் வெளிவந்தது 1931. அதே வருஷம் அக்டோபரில் மன்னார்குடியில் அவர் தொடங்கிவைத்தது என்ன தெரியுமா? மாட்டு வண்டி நூலகம்!

கோஹாவுக்குப் பங்காளிகளும் உண்டு. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநில நூலகங்கள் 2006-ல் எவர்கிரீன் என்ற திறமூல மென்பொருளை ஓட்டின. நம் ஐதராபாத்தில் பிறந்த நியூஜென்லிப் 2008-ல் திறமூலமானது. எவர்கிரீன்காரர்களும் 2009 முதல் மாநாடு போடுகிறார்கள்!

கோஹாவின் பெயரே பறிபோக இருந்தது தெரியுமா? தாணே மாநாடு முடிந்த அதே 2011 நவம்பர். 'கோஹா' என்ற சொல்லை நியூசிலாந்தில் தன் வணிக முத்திரையாக்கிக்கொள்ள ஓர் அமெரிக்கக் கம்பெனி விண்ணப்பித்திருந்தது. மாவோரிகளின் சொல், லெவின் நூலகம் வைத்த பெயர்! நூலகம் எதிர்த்தது. வழக்குக்குப் பணம் வேண்டும், சின்ன ஊர் நூலகத்திடம் எங்கே இருக்கும்? உலகத்திடம் கை நீட்டியது. 11 வருஷமாக எல்லோருக்கும் கொடுத்த கை! பல நாடுகளிலிருந்தும் பணம் வந்து விழுந்தது. மொய் திரும்பி வந்தது! 2013-ல் தீர்ப்பு. விண்ணப்பம் தள்ளுபடி. பெயர் பிழைத்தது!

மொய் என்றால் நோட்டு வேண்டாமா? கோஹாவிலும் இருக்கிறது! ஏதாவது ஒரு நூலகத்தின் கோஹாவில் 'பற்றி' என்ற பக்கத்தைத் திறக்கச் சொல்லுங்கள். பங்களித்தவர்களின் பெயர்ப் பட்டியல் நீளமாக விரியும். கூடவே தேதிவாரியாக ஒரு வரலாற்றுக் கோப்பு. 1999 செப்டம்பரில் யோசனை சொன்னது, 2000 ஜனவரி 3-ல் லெவினில் ஓடத் தொடங்கியது, எந்தப் பதிப்பு எந்தத் தேதியில் வெளிவந்தது என்று எல்லாம் வரிசையாக இருக்கும். நிதானமாகப் படித்துக்கொண்டே வாருங்கள். நடுநடுவே, பதிப்பு எண்களுக்கும் பிழைத்திருத்தங்களுக்கும் இடையில், அதை எழுதியவர்களின் வீட்டில் குழந்தை பிறந்த தேதியும் பெயரும் பதிவாகியிருக்கும்!